அசதி தின்ற ஒயர்கள்

சந்தியாகுபுரத்தில் தெக்லா தன் வீட்டுக்காரரின் பழைய காருக்குத் தானே ஒயர் மாற்ற உட்கார்ந்தது சித்திரை மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில். அன்றைக்கு மத்தியானத்துக்குள் அந்தத் தெருவின் அசதியெல்லாம் அந்த ஒயர்களுக்குள் இறங்கத் தொடங்கும் என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தால், இறங்கிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் குறடைத் தேடியிருப்பாள், ஏனென்றால் எதற்கும் ஆச்சரியப்படுகிற அளவுக்கு அவளுக்கு அப்போது நேரம் இருக்கவில்லை.

சந்தியாகுபுரம் தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மற்ற மூன்று பக்கமும் உப்பளமுமாக, நாற்பத்தாறு வீடுகளோடு ஒரே தெருவாக நீண்டு கிடக்கிற ஊர். அங்கே ஆணும் பெண்ணும் விடியும் முன்னே பாத்திக்குப் போய், உப்பை வாரி, தட்டில் ஏற்றித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டி, வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்த ஆரம்பிக்கிற பதினொரு மணிக்குத் திரும்பி வருவார்கள். வந்து காலைக் கழுவி, பழைய சோற்றைத் தின்று, சுருண்டு படுத்தால் சாயங்காலம்வரைக்கும் அந்தத் தெருவில் நாய் குரைத்தால்கூட எழுந்து பார்க்க ஆள் இருக்காது. தெக்லா ஒருகாலத்தில் அந்த உப்பளத்தின் எடைமேடையில் சீட்டு எழுதியவள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் ரெமிஜியுஸ் ஒருநாள் குளித்துவிட்டுத் துண்டை உதறும்போது இடது பக்கம் முழுவதும் செயலற்று விழுந்ததிலிருந்து, மூன்று வருஷமாக அவள் வேலை அவரைப் புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது, மாற்றுவது, மறுபடியும் புரட்டுவது. அவர் நெட்டையான ஆள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்ற நாலு பேர் வேண்டும். உப்பளத்திலிருந்து திரும்புகிற பெண்கள் நாலு பேர் தினமும் பதினொன்றரைக்கு, தங்கள் காலில் உப்பு காயும் முன்பே, அந்த வீட்டுக்குள் நுழைந்து அவரைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குப் போவார்கள். அதை யாரும் உதவி என்று சொன்னதில்லை. பதினொன்றரைக்குச் செய்கிற ஒரு காரியம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் உப்பளத்தைத் தாண்டி ஏழு கிலோமீட்டரில் நடைப்பயிற்சி தருகிற ஒரு ஆஸ்பத்திரி வந்தது. அங்கிருந்து ஒருநாள் வீடு வீடாகப் பார்க்க வந்த டாக்டரம்மா ரெமிஜியுஸின் இடது முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது இறுகிக்கிட்டே வருதும்மா, ஆடி மாசத்துக்குள்ள பயிற்சி ஆரம்பிச்சாத்தான் பிரயோசனம், அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள். வாரத்துக்கு மூன்று நாள் கூட்டிக்கொண்டு போகவேண்டும். விறைத்து நீண்டிருந்த அந்தக் காலோடு அவரை ஆட்டோவில் ஏற்ற முடியவில்லை, வாடகைக் காரில் ஏற்ற முடியவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகைக்குள் மூன்று வருஷமாக நின்றுகொண்டிருந்த அவருடைய சொந்தக் காரில் மட்டும்தான் முடியும். அது ஹெரால்ட், பால் நிறம், இரண்டே கதவு, ஒவ்வொரு கதவும் வீட்டு வாசற்கதவு அகலம், முன்சீட்டைப் பின்னால் தள்ளினால் காலை நீட்டிக்கொண்டே போகலாம்.

மெக்கானிக் செல்வின் வந்து பிரேக்கையும் பெட்ரோல் குழாயையும் சரிபார்த்துக் கொடுத்தான். எஞ்சினைத் திறந்து ஒயர்களைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான். உப்புக் காற்று நாற்பது வருஷமாக அவற்றை நக்கியிருந்தது. உறை வெடித்து, விரல் பட்டால் மாவாக உதிர்ந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.

"மைனி, இத இப்படியே ஓட்டினா தீப்பிடிச்சிரும். முழுசா உருவிட்டுப் புதுசு போடணும். அது எலெக்ட்ரீசியன் வேல. நம்ம வின்சிட்ட சொல்லுதேன், அடுத்த வாரம் வருவான்."

வின்சி அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஐந்தாவது வாரம் தெக்லா பெட்டியிலிருந்து காரோடு வந்த புத்தகத்தை எடுத்து, அதில் ஒயர்களின் படம் போட்டிருந்த பக்கத்தைக் கிழித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டினாள்.

அந்தக் காரின் மூக்கும் முன்விளக்குகளும் இரண்டு பக்கத்து மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் முன் டயரின் மேலேயே முக்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து எஞ்சினில் கை வைக்கலாம். அவள் அப்படி உட்கார்ந்து, ரெமிஜியுஸின் புண்ணுக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டினாள். பேட்டரியிலிருந்து கிளம்புவது ஒன்று, ரெகுலேட்டர் பெட்டிக்குப் போவது இரண்டு, டைனமோவுக்கு மூன்றும் நாலும், ஹாரனுக்குப் பத்தொன்பது. மொத்தம் முப்பத்தொன்று. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு ஒன்றைக் கழற்றினால் அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி, முனை சீவி, பித்தளைக் கொக்கியில் கோத்து, குறடால் இறுக்கி, அதே இடத்தில் மாட்டிவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பது என்று முடிவு செய்தாள். மொத்தமாக உருவிப் போட்டால் தன்னால் திரும்பக் கட்ட முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

முதல் நாள் நாலு ஒயர் மாட்டினாள். ஐந்தாவதை வெட்டிக்கொண்டிருந்தபோது, பதினொன்றரைக் காரியத்தை முடித்துவிட்டு வெளியே வந்த சுடலைவடிவு, தன் வீடு எட்டு வாசல் தள்ளி இருப்பதைப் பார்த்தாள். அந்த எட்டு வாசலும் அன்றைக்கு எட்டு மைல் மாதிரித் தெரிந்தது.

"யக்கா, கால் எரியிது. செத்த நேரம் இதுக்குள்ள உக்காந்துக்கிடட்டா?"

"உக்காரு. கதவ மட்டும் மெதுவா சாத்து."

வடிவு பின்சீட்டில் சாய்ந்தாள். பத்து நிமிஷம் இருக்கும். இறங்கியபோது இருபது வயதுக்காரி மாதிரி இறங்கினாள். எட்டு வாசலையும் ஏறக்குறைய ஓடிக் கடந்தாள். வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை. கட்டிலைத் தூக்கி வெளியே போட்டு மூட்டைப்பூச்சிக்கு வெந்நீர் ஊற்றினாள், பிறகு கூரையில் ஏறி ஓலையைச் சரிசெய்தாள், அதன் பிறகும் பொழுது மிச்சமிருந்தது.

சாயங்காலம் தெக்லா பார்த்தபோது, காலையில் மாட்டிய நாலு ஒயரில் ஒன்று நாற்பது வருஷத்துப் பழசாகியிருந்தது. உறை வெடித்திருந்தது, செம்பு பச்சை பூத்திருந்தது. பிளாஸ்திரி மட்டும் புதுசாக ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அடுத்த நாள் பஸ் ஏறிப்போய்ச் சண்டை போட்டாள். அவன் ஒயரை வாங்கி மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "யம்மா, இது நேத்து வாங்கின ஒயரா? எங்க தாத்தா காலத்துல இந்தக் கம்பெனியே கிடையாதே" என்றான். அவள் வேறு ஒயர் வாங்கிவந்து மாட்டினாள். அன்றைக்கு வடிவோடு இன்னும் இருவர் வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு மூன்று ஒயர் பழசாயின.

மூன்றாம் நாள், வடிவை உட்காரச் சொல்லிவிட்டு, தெக்லா டயரில் உட்கார்ந்து ஏழாம் எண் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் வடிவு ஒரு நீண்ட மூச்சு விட்டாள். ஒயரின் சிவப்பு மங்கியது, சுருங்கியது, ஒரு கோடு விழுந்தது, கோடு வெடிப்பாயிற்று.

"இதுதானா" என்றாள் தெக்லா. ஏழாம் எண்ணைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, மறுபடியும் ஏழாம் எண்ணை வெட்ட அளவெடுத்தாள்.

ஒரு வாரத்தில் தெருவுக்கு முழுக்கத் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் தெரு அதைத் தண்ணீர் லாரி வருவதைப்போல எடுத்துக்கொண்டது. வரிசை வந்தது, வரிசையில் சண்டை வந்தது, சண்டைக்குப் பிறகு ஒழுங்கு வந்தது. கர்ப்பிணிகள் முதலில், தட்டுச் சுமக்கிறவர்கள் அடுத்து, உப்பு வாருகிறவர்கள் அதற்கடுத்து. காலைக் கழுவாமல் ஏறக்கூடாது. பத்து அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்கிற நேரத்துக்கு மேல் உட்காரக்கூடாது. அந்தச் செபம் தெரியாத சுடலைமாடன் கோயில்காரர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்கள், சிலர் அவசரத்தில் அதைத் தங்கள் சாமிக்கும் சொல்லிவிட்டார்கள். ஏறுகிறவர்கள் ஆளுக்கு ஒரு முழம் ஒயர் கொண்டுவருவது என்று யாரும் சொல்லாமலே வழக்கமாயிற்று. மூலைக்கடையில் மல்லிகைப்பூவுக்குப் பக்கத்தில் ஒயர் தொங்கியது. பூவையும் ஒயரையும் ஒரே கை முழம்போட்டு அளந்தது.

அசதி போன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் தெரு சில நாள் திகைத்தது. டீக்கடையில் டீ ஆறியது. ஐம்பது வயதுக்காரர்கள் கபடிக் கோடு போட்டார்கள். பத்து வருஷமாக வெள்ளை காணாத வீடுகள் வெள்ளை கண்டன. மத்தியானம் தூங்காத அப்பா அம்மாவைப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை, அவர்கள் என்ன கேட்டாலும் அப்பா அம்மா பதில் சொன்னார்கள், அது பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருந்தது. புருஷன் பெண்சாதிகள் சிலர், இத்தனை வருஷம் தாங்கள் போட்டது சண்டையே இல்லை, வெறும் அசதி என்று கண்டுபிடித்தார்கள். வேறு சிலர், இத்தனை நாள் அசதி என்று நினைத்ததுதான் உண்மையில் சண்டை என்று கண்டுபிடித்தார்கள். ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. மூன்று வருஷம் ஒரு வேலையும் செய்யாமல் நின்ற வண்டி, அதில் நிறைய இடம் இருக்கும் என்று ஒருத்தி சொன்னாள், அது எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது.

ரெமிஜியுஸின் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே கொட்டகை தெரியும். தினமும் சாயங்காலம் அவர் கேட்பார். வாய் ஒருபக்கம் கோணியிருந்ததால் அவர் பேச்சு அவளுக்கு மட்டும்தான் முழுசாகப் புரியும்.

"முடிஞ்சுதா ட்டி?"

"இன்னும் பதினேழு."

அடுத்த வாரம் கேட்டார்.

"இன்னும் இருவத்தொண்ணு" என்றாள்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அவருடைய இடது முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து மடக்கிப் பார்த்தாள். சித்திரையில் மடங்கிய அளவு வைகாசியில் மடங்கவில்லை.

அவள் மட்டும் அந்தக் காருக்குள் ஏறவே இல்லை. பலர் சொன்னார்கள், "யக்கா, நீங்களும் ஒருக்கா உக்காந்து பாருங்களேன்" என்று. எனக்கென்ன, நான் வீட்டில் இருக்கிறவள், உப்பா சுமக்கிறேன் என்பாள். தான் அசந்திருக்கிறோம் என்கிற எண்ணமே அவளுக்கு வந்ததில்லை. இடுப்பு வலிப்பது இடுப்பின் குணம், கண் எரிவது கண்ணின் குணம், காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்க வேண்டியிருப்பது வயசின் குணம் என்று வைத்திருந்தாள்.

தெரு துடியாக இருப்பதை உப்பளத்தின் கங்காணி எபனேசர் கண்டுகொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை. உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த குத்தகைக்காரர் அவரைக் கேட்கிற கேள்வியை அவர் மற்றவர்களைக் கேட்பவர். பதினொரு மணிக்குப் போனவர்கள் மத்தியானம் கபடி ஆடுகிறார்களே, மூன்று மணிக்கு இன்னொரு தடவை வந்தால் என்ன என்று கேட்டார். முதலில் இஷ்டப்பட்டவர்கள் போனார்கள். பிறகு எல்லாரும் போகவேண்டும் என்று ஆயிற்று. பிறகு, முன்னே ஆளுக்கு இரண்டு பாத்தி என்றிருந்தது மூன்றாயிற்று. யாராவது முடியவில்லை என்று முனகினால், "போய் கார்ல ஏறிட்டு வா" என்றார். குத்தகைக்காரர் ஊருக்கென்று ஒரு பெரிய உருளை நிறைய ஒயர் அனுப்பி வைத்தார். அது கொட்டகை ஓரத்தில் பெரிய உரல் மாதிரி நின்றது.

அதற்குப் பிறகு யாரும் வெள்ளை அடிக்கவில்லை. கபடிக் கோட்டைக் காற்று அழித்தது. காரிலிருந்து இறங்கியவர்கள் நேரே பாத்திக்குப் போனார்கள், பாத்தியிலிருந்து வந்தவர்கள் நேரே காருக்கு வந்தார்கள், அம்பாரங்கள் உயர்ந்தன, ஒயர்கள் சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை, பன்னிரண்டு மணிக்கு மாட்டினது ஒரு மணிக்குப் பொடிந்தது, தெக்லா டயரில் உட்கார்ந்தபடி வெட்டினாள், சீவினாள், கோத்தாள், இறுக்கினாள், கழற்றினாள், வெட்டினாள். கொட்டகைக்குப் பின்னால் செத்த ஒயர்கள் முருங்கை மரத்தின் பாதி உயரத்துக்குக் குவிந்தன.

ஆனி மாதம் பிறந்து நாலாம் நாள், ஒரு மணிக்கு, முன்விளக்கு எரிகிறதா என்று பார்க்க அவள் பேட்டரியை மாட்டியிருந்தாள். பின்சீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். உறை ஒரே சமயத்தில் எல்லா ஒயரிலிருந்தும் உதிர்ந்தது, செம்பும் செம்பும் தொட்டுக்கொண்டது, ரெகுலேட்டர் பெட்டியிலிருந்து புகை எழுந்தது. எல்லாரும் கதவைத் திறந்துகொண்டு ஓட, தெக்லா கொதிக்கிற பேட்டரி முனையைக் கையாலேயே பிடுங்கி எறிந்தாள். உள்ளங்கை வெந்துவிட்டது.

வடிவு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையை அதில் முக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் அந்தப் பிளாஸ்திரித் துண்டுகளை முதல் தடவையாகப் பார்த்தாள். முப்பத்தொரு எண். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னச் சின்னக் கோடுகள். அது எத்தனை தடவை மாற்றப்பட்டது என்று தெக்லா குறித்துவைத்த கோடுகள்.

"யக்கா, அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான நீங்க இந்த வேலைக்கு உக்காந்திய?"

"ஆமா."

"ஆடிக்குள்ளன்னு டாக்டரம்மா சொன்னாவல்லா?"

"சொன்னாவ."

"இன்னிக்கு ஆனி நாலு." வடிவு தெக்லாவின் கையை விடவில்லை. "ஏறாதிய ட்டின்னு ஒரு வார்த்த எங்களச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எந்த வாயால சொல்ல? தெனம் பதினொன்றரைக்கு அவியளத் தூக்குறது யாரு?"

வடிவு அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஈரத் துணியால் சுற்றிவிட்டாள். பிறகு கொட்டகைக்கு வெளியே வந்து, வரிசையில் நின்றவர்களிடம் போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்பது தெக்லாவுக்குக் கேட்கவில்லை. வரிசை கலைந்தது. ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவரவர் நின்ற இடத்திலேயே, வேலி நிழலிலும் வேப்ப நிழலிலும், தரையில் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு உப்பளத்தில் விசில் ஊதியது. யாரும் எழுந்திருக்கவில்லை. விசில் இன்னொரு தடவை ஊதியது. மூன்றேகாலுக்கு எபனேசரின் மோட்டார் சைக்கிள் வந்தது.

"என்ன, யாரையும் காணோம்?"

"அசதியா இருக்கு அண்ணாச்சி" என்றாள் வடிவு.

"அப்போ கார்ல ஏறிட்டு வாங்க."

"ஏறல."

"ஏன்? வண்டி ரிப்பேரா? இன்னொரு உருளை அனுப்பச் சொல்லட்டா?"

"ஒண்ணும் வேண்டாம். எங்க அசதி எங்ககிட்டயே இருக்கட்டும். அது இருந்தாத்தான் வீட்டுக்குப் போவணும்னு தோணுது."

எபனேசர் வண்டியை விட்டு இறங்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. அவர் சட்டையின் முதுகு முழுக்க உப்புப் பூத்திருந்தது. இத்தனை நாளில் அவர் ஒரு தடவைகூட அந்தக் காரில் ஏறியதில்லை, ஏறினால் வேலைக்காரர்களோடு சேர்ந்ததுபோல ஆகிவிடும் என்று. இப்போது அவர் கொட்டகைக்குள் நிற்கிற அந்தப் பால் நிறக் கதவையே பார்த்தார்.

"நீங்களும் வீட்டுக்குப் போய்ப் படுங்க அண்ணாச்சி" என்றாள் வடிவு, கோபமில்லாமல். "கண்ணெல்லாம் செவந்து கெடக்கு."

அவர் போய்ப் படுத்தாரோ என்னவோ, அன்றைக்கு மறுபடியும் விசில் ஊதவில்லை. குத்தகைக்காரர் ஒன்பது நாள் பிடிவாதமாக இருந்தார். அந்த ஒன்பது நாளும் தெரு காலையில் போனது, பதினொரு மணிக்குத் திரும்பியது, மூன்று மணி விசிலுக்குத் திரும்பிப் படுத்தது. பத்தாம் நாள் விசில் நின்றது, பாத்தி மறுபடியும் ஆளுக்கு இரண்டாயிற்று. பழைய அசதி ஊருக்குள் வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மத்தியானங்களில் வீட்டுக்கு வீடு குறட்டை கேட்டது. டீக்கடையில் டீ விற்றது.

அந்த நாட்களில் தெக்லா இடது கையில் துணி சுற்றிக்கொண்டு, குத்தகைக்காரர் அனுப்பிய அதே உருளையிலிருந்து வெட்டி, ஒன்றிலிருந்து முப்பத்தொன்றுவரை மாட்டி முடித்தாள். எல்லாவற்றையும் சேர்த்துத் துணி நாடாவால் சுற்றி, எஞ்சின் சூடு படாமல் ஓரமாகக் கட்டினாள். ஒவ்வொரு நாள் காலையிலும் போய்ப் பார்த்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது, பச்சை பச்சையாகவே இருந்தது. கடைசி நாள், கதவுக்கு வெளியே நின்றபடி கையை மட்டும் உள்ளே நீட்டிச் சாவியைத் திருகினாள். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடியது. தூங்கிக்கொண்டிருந்த தெரு எழுந்து வந்து கொட்டகையைச் சுற்றி நின்று, அந்தச் சத்தத்தைக் கேட்டது.

அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கு நாலு பெண்கள் ரெமிஜியுஸைத் தூக்கிவந்து முன்சீட்டில் வைத்தார்கள், இடது காலை நீட்டி, பின்னால் தலையணை கொடுத்து. ஆடி பிறக்கப் பதினெட்டு நாள் இருந்தது. தெக்லா ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் அவர்தான் அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். கையும் காலும் அதை மறந்திருக்கவில்லை.

ஊர் தாண்டி உப்பளத்துக்கு நடுவே ரோடு நேராகப் போனது. இரண்டு பக்கமும் பாத்திகள் வெயிலில் கண்ணாடி மாதிரிக் கிடந்தன. இரண்டாவது கிலோமீட்டரில் அவள் தோள்பட்டை தானாக இறங்கியது. மூன்றாவதில் அவள் இடுப்பு இருக்கிறதா என்று தேடவேண்டியிருந்தது, அவ்வளவு சத்தமில்லாமல் இருந்தது அது. நாலாவதில், கண் எரிச்சல் எப்போது நின்றதென்று தெரியாமல் நின்றிருந்தது. தூரத்தில் அம்பாரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்காயின் கழுத்துச் சாம்பல் நிறம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் ரெமிஜியுஸ் பெருமூச்சு விட்டார், முடிவே இல்லாத ஒரு பெருமூச்சு. ஐந்தாவது கிலோமீட்டரில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி, எஞ்சின் அடங்கி, கொஞ்ச தூரம் உருண்டு, நின்றது.

அவள் இறங்கி முன்பக்கத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். முப்பத்தொன்றும் போயிருந்தன. தெருவே இரண்டு மாதம் ஏறி இறங்கியபோதுகூட அவை இப்படி ஆனதில்லை. உறை சாம்பலாகியிருந்தது, செம்பு இருந்த இடத்தில் ஒரு பச்சைத் தூள் கோடு மட்டும் கிடந்தது, அதையும் கடற்காற்று அள்ளிக்கொண்டு போனது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன ட்டி?" என்றார் அவர் உள்ளேயிருந்து.

"ஒயரெல்லாம் போச்சு."

"யாரும் ஏறலியே."

"நாம ஏறினோம்லா."

அவர் யோசித்தார். "நமக்கா இவ்வளவு?"

"ஆமா. நம்மளுதுதான்." அவள் கதவருகே வந்து குனிந்து அவரைப் பார்த்தாள். "எனக்குத் தெரியவே இல்லயே."

"எனக்குத் தெரியும்" என்றார் ரெமிஜியுஸ். "நீ காலைல செவரப் பிடிச்சிக்கிட்டு நிப்ப. நான் முழிச்சித்தான் கெடப்பேன்."

அவள் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அதற்கு வேண்டிய களைப்புகூட உடம்பில் மிச்சமில்லை. ஆஸ்பத்திரி இன்னும் இரண்டு கிலோமீட்டர். நேர் ரோடு, மேடில்லை. கவிழ்த்த முன்பக்கத்தை நிமிர்த்தி மூடினாள். மூன்று வருஷமாக நாலு பேர் சேர்ந்து தூக்கிய அந்த நெட்டை மனுஷனை அவள் கதவு வழியே இழுத்து, நெஞ்சோடு சேர்த்து அணைத்து, எஞ்சினைச் சுற்றி நடந்து, வலது பக்கத்து ஸ்டீயரிங் சீட்டில் கொண்டுபோய் வைத்தாள். அவர் பயந்துபோய் அவள் கழுத்தைப் பிடித்திருந்தார்.

"என்ன பண்ணுத?"

"உங்களுக்கு வலது கை இருக்குல்லா? பிடிங்க."

அவர் பிடித்தார். அவள் பின்னால் போய், இரண்டு கையையும் டிக்கியில் ஊன்றி, தள்ளினாள். கார் முனகிவிட்டு நகர்ந்தது. நகர்ந்தது உருண்டது. எதிரே வந்த உப்பு லாரிக்காரர் நிறுத்தி, கயிறு இருக்கிறது, கட்டி இழுத்துக்கொண்டு போய் விடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்ணே. எனக்கு அசதியில்ல" என்றாள் அவள், தள்ளிக்கொண்டே.

அன்றிலிருந்து அந்த ஒயர்களை அவள் இன்னும் எத்தனையோ தடவை மாற்றவேண்டியிருந்தது. முதல் வாரம் ஒவ்வொரு பயணத்துக்கும், பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று, அவர்களுடைய மூன்று வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையக் கரைய அது குறைந்தது; ரெமிஜியுஸ் நடக்கவில்லை, ஆனால் கார்த்திகையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றார், நாலு பேர் வரவேண்டிய இடத்தில் வடிவு ஒருத்தி வந்தால் போதும் என்றாயிற்று. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, அந்த மத்தியான வெயிலில், அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது என்பதுதான்.

"ஏட்டி, முன்னால பள்ளம், மெதுவா" என்றார். அவள் மெதுவாகத் தள்ளினாள். "இப்பம் வேகமா." அவள் வேகமாகத் தள்ளினாள். ஆஸ்பத்திரியின் கேட்டுக்கு முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு ஆட்டு மந்தை நின்றது. அவர் ஹாரனை அமுக்கினார், அதில் உயிர் இல்லை. இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டி, தன் கோணிய வாயை முடிந்த மட்டும் திறந்து, "பாம்! பாம்!" என்று கத்தினார். ஆடுகள் திரும்பிப் பார்த்தன, இரண்டு பக்கமும் விலகின, கார் உள்ளே போயிற்று.